பாக்ஸ் ஸ்கோரைக் கீழிருந்து படிப்பது

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஓர் ஆட்டம் முடிந்ததும், அதன் எண்களை அடுக்கிய அட்டவணையான பாக்ஸ் ஸ்கோரைத் திறக்கிறவர்களின் கண் பெரும்பாலும் முதலில் ஓடுவது வலது ஓரத்துக்குத்தான். யார் எத்தனை புள்ளி? அங்கே 40 என்று ஓர் எண் இருந்துவிட்டால் அன்றைய நாயகன் யாரென்று முடிவாகிவிடும். நான் அந்த அட்டவணையைக் கீழிருந்து படிக்கிறேன். முதலில் இரண்டு அணிகளின் மொத்தக் கணக்கு, பிறகு ஆட்டக்காரர்கள், எல்லாவற்றுக்கும் கடைசியாகப் புள்ளிகள்.

காரணம் எளிது. கூடைப்பந்தில் ஓர் அணி கூடை போட்டாலும், அது தவறவிட்ட பந்தை எதிரணி பிடித்தாலும், பந்தைப் பறிகொடுத்தாலும், அடுத்து பந்து போவது எதிரணியின் கைக்கு. ஆகவே ஓர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் கிடைக்கும் வாய்ப்புகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த வாய்ப்புகளை யார் எப்படிச் செலவழித்தார்கள் என்பதுதான் வெற்றி தோல்வி. புள்ளி என்பது வரவு. செலவு பக்கத்துக் கட்டங்களில் இருக்கிறது: எத்தனை ஷாட் எடுத்தார், எத்தனை ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றி வீசக் கிடைக்கும் ஒரு புள்ளி ஷாட்) வீசினார், எத்தனை முறை பந்தைத் தொலைத்தார். செலவைப் பார்க்காமல் வரவை மட்டும் பார்த்துப் பாராட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. 2016 ஜூன் 19, ஓக்லாந்து. இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். கிளீவ்லாந்து கவாலியர்ஸ் 93, கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 89. அந்த சீசனில் 73 ஆட்டங்களை வென்று 9-ஐ மட்டுமே தோற்ற வாரியர்ஸ், தொடரில் 3-1 என்று முன்னிலையில் இருந்தும் கோப்பையைக் கைவிட்ட நாள். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் எல்லாரும் இரண்டு காட்சிகளைச் சொல்வார்கள். வாரியர்ஸின் ஆந்த்ரே இகுடாலா கூடைக்கு அருகில் போய் இட்ட லே-அப்பைப் பின்னாலிருந்து ஓடிவந்து கவாலியர்ஸின் லெப்ரான் ஜேம்ஸ் பலகையோடு சேர்த்து அடித்துத் தடுத்த பிளாக். 53 விநாடிகள் மீதமிருக்கும்போது வாரியர்ஸின் ஸ்டீபன் கரியின் தலைக்கு மேலாக கவாலியர்ஸின் கைரி இர்விங் போட்ட மூன்று புள்ளி ஷாட். இரண்டும் மறக்க முடியாதவை. ஆனால் அட்டவணையின் கீழ்ப்பகுதி வேறொரு கதையைச் சொல்கிறது, அந்தக் கதை எனக்கு இந்தக் காட்சிகளைவிட நெருக்கமானது.

வாரியர்ஸ் அன்று 41 மூன்று புள்ளி ஷாட் எடுத்து 15 போட்டார்கள். கவாலியர்ஸ் எடுத்தது 25, போட்டது 6. அதாவது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து மட்டும் வாரியர்ஸுக்கு 45 புள்ளி, எதிரணிக்கு 18. இருபத்தேழு புள்ளி வித்தியாசம்! இந்த ஒரு வரியை மட்டும் காட்டி யார் வென்றிருப்பார்கள் என்று கேட்டால் யாரும் தயங்க மாட்டார்கள். ஆனால் கோட்டுக்கு உள்ளே கவாலியர்ஸ் 27 இரண்டு புள்ளிக் கூடை போட்டார்கள், வாரியர்ஸ் 17. அங்கே 20 புள்ளி திரும்பி வந்துவிட்டது. ஃப்ரீ த்ரோவில் கவாலியர்ஸ் 25-க்கு 21, வாரியர்ஸ் 13-க்கு 10. அங்கே மேலும் 11. இருபதும் பதினொன்றும் முப்பத்தொன்று, அதில் இருபத்தேழு போனால் நான்கு. 93-89.

இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த நிறைவு, ஆட்டத்தை நேரலையில் பார்த்தபோது கிடைத்ததற்குக் குறைந்ததல்ல. அன்று கவாலியர்ஸ் நன்றாக ஷாட் போட்டு ஜெயிக்கவில்லை. மூன்று புள்ளி ஷாட்டுக்கு அரைப்பங்கு கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கணக்கிடும் முறை ஒன்று இருக்கிறது. அதன்படி பார்த்தாலும் வாரியர்ஸின் ஷாட் சதவீதமே உயர்ந்தது. கவாலியர்ஸ் ஜெயித்தது கூடைக்கு அருகில் போய், உடம்பில் அடி வாங்கி, ஃபவுல் கோட்டில் நின்று.

இப்போது ஒரு படி மேலே ஏறி ஆட்டக்காரர்களின் வரிகளுக்கு வருவோம். வாரியர்ஸில் கரி 17 புள்ளி, கிளே தாம்ப்சன் 14. குறைவுதான், ஆனால் படுமோசம் என்று சொல்ல முடியாது என்று தோன்றும். செலவுக் கட்டத்தைப் பாருங்கள். கரி 19 ஷாட்டில் 6. தாம்ப்சன் 17-இல் 6. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருவரும் சேர்ந்து 24 எடுத்து 6 போட்டார்கள். அந்த சீசனில் 402 மூன்று புள்ளி ஷாட் போட்டு அதுவரை யாரும் தொடாத உயரத்தைத் தொட்டவர் கரி. அவருக்கு அடுத்த இடம் 276 போட்ட தாம்ப்சனுக்கு. ஒரு வருஷம் முழுக்க எந்த ஆயுதத்தால் ஜெயித்தார்களோ, அது கடைசி நாளில் நான்கில் ஒன்று என்ற கணக்கில்தான் வேலை செய்திருக்கிறது. இதைவிட என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது இன்னொரு கட்டம். கரி அன்று வீசிய ஃப்ரீ த்ரோ ஒன்றே ஒன்று. தாம்ப்சன் ஒன்றுகூட வீசவில்லை. ஷாட் விழாத நாளில் பந்தை எடுத்துக்கொண்டு கூடையை நோக்கி நுழைந்து ஃபவுலாவது வாங்க வேண்டும். இருவருமாகச் சேர்ந்து 36 ஷாட் எடுத்த ஆட்டத்தில் ஃபவுல் கோட்டிலிருந்து கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. லெப்ரான் தனி ஆளாகப் பத்து ஃப்ரீ த்ரோ வீசி எட்டு போட்டார்.

அந்த எட்டில் மூன்று எங்கே வந்தன என்று பார்க்க வேண்டும். கடைசிக் கால்பகுதியான நான்காம் குவார்ட்டரில் வாரியர்ஸ் 87-83 என்று முன்னிலை. காயத்தால் விலகிய ஆண்ட்ரூ போகட்டின் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த ஃபெஸ்டஸ் எசெலி, லெப்ரான் மூன்று புள்ளி ஷாட்டுக்கு எழுவதுபோலக் காட்டிய பாவனையில் ஏமாந்து அவர்மேல் பாய்ந்துவிட்டார். மூன்று ஃப்ரீ த்ரோ, மூன்றும் உள்ளே. அதன் பிறகு லெப்ரான் எசெலிக்கு எதிரிலேயே ஒரு மூன்று புள்ளி ஷாட்டும் போட்டு 89-87 ஆக்கினார். ஒரு லே-அப்பில் தாம்ப்சன் சமன் செய்தார். அப்போது கடிகாரத்தில் 4 நிமிடம் 39 விநாடி மிச்சம். வாரியர்ஸ் அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

அந்த 89-89 நொடியில் நிகழ்ந்திருந்த ஒரு விந்தையைச் சொல்லியாக வேண்டும். தொடரின் ஏழு ஆட்டங்களிலும் இரு அணிகளும் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். வாரியர்ஸ் 699. கவாலியர்ஸும் 699. முந்தைய ஆறு ஆட்டங்களில் ஒன்றுகூட நெருக்கமாக முடியவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் வாரியர்ஸ் 33 புள்ளியில் ஜெயித்தார்கள், மூன்றாம் ஆட்டத்தில் கவாலியர்ஸ் 30 புள்ளியில். அத்தனை ஏற்ற இறக்கத்துக்குப் பிறகும் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் நுழையும்போது தராசு சமமாக நின்றது. மிச்ச நேரத்தில் இர்விங்கின் மூன்றும் லெப்ரானின் ஒற்றை ஃப்ரீ த்ரோவும் சேர்ந்து 703-699.

அந்த அட்டவணையில் மிகச் சிறந்த வரி தோற்ற அணியில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிரேமண்ட் கிரீன்: 15 ஷாட்டில் 11, மூன்று புள்ளியில் 8-க்கு 6, 32 புள்ளி, 15 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடித்தல்), 9 அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்). தன் வாழ்நாளின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றை அவர் அன்று ஆடினார். ஐந்தாம் ஆட்டத்தில் அவர் தடையில் உட்கார நேர்ந்ததால்தான் தொடரே திரும்பியது என்ற பேச்சில் இந்த வரி மறைந்துபோனது வருத்தமானது. எதிரில் லெப்ரானின் வரி: 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட், 3 பிளாக், 2 ஸ்டீல் (எதிரியிடமிருந்து பறித்த பந்து). மூன்று கட்டங்களில் பத்தோ அதற்கு மேலோ, அதாவது ட்ரிபிள் டபுள். ஆனால் ஷாட் 24-க்கு 9. அவருடைய மகத்துவத்தைக் காண இந்த ஓர் ஆட்டத்தின் வரி போதாது, தொடர் முழுவதையும் விரிக்க வேண்டும். புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் என்ற ஐந்திலும் இரு அணிகளிலும் முதலிடம் அவருக்கே. சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் தொடர் ஒன்றில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை.

ஆட்டக்காரரின் செலவையும் வரவையும் ஒரே எண்ணில் பார்க்க ஒரு வழி உண்டு. எடுத்த ஷாட்களோடு, ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும். வந்த தொகையை இரண்டால் பெருக்கி, அதைக் கொண்டு புள்ளியை வகுக்க வேண்டும். அந்த 0.44 ஏன் என்றால், ஃப்ரீ த்ரோக்கள் எப்போதும் இரண்டிரண்டாக வருவதில்லை. கூடை விழுந்து கூடவே ஃபவுலும் கிடைத்தால் ஒன்று, டெக்னிக்கலுக்கு ஒன்று, மூன்று புள்ளி ஷாட்டில் அடித்தால் மூன்று. அந்த ஏழாவது ஆட்டத்தில் இந்தக் கணக்கு லெப்ரானுக்கு 47.5 சதவீதம் கொடுக்கிறது. அவர் அளவுக்கு அது குறைவு.

இதே அளவுகோலை இரண்டு பெரிய இரவுகளின் மேல் வைத்துப் பார்ப்பேன். 2006 ஜனவரி 22, டொராண்டோ ராப்டர்ஸுக்கு எதிராக லேக்கர்ஸின் கோபி பிரையன்ட் 81. ஷாட் 46-க்கு 28, ஃப்ரீ த்ரோ 20-க்கு 18. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 74 சதவீதம். 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவின் ஹெர்ஷே நகரில் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக, அப்போது ஃபிலடெல்ஃபியாவில் இருந்த வாரியர்ஸின் வில்ட் சேம்பர்லின் 100. ஷாட் 63-க்கு 36, ஃப்ரீ த்ரோ 32-க்கு 28. அது 65 சதவீதம். என் மனம் கோபியின் பக்கம் சாய்வதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் அணிக்கணக்கில் இருக்கிறது. இடைவேளையில் லேக்கர்ஸ் 14 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். இரண்டாம் பாதியில் மட்டும் கோபி 55 எடுத்து 122-104 என்று ஆட்டத்தை மீட்டார். அந்தப் புள்ளிகள் அணிக்குத் தேவைப்பட்டன. ஹெர்ஷேயில் கடைசிக் கட்டத்தில் நிலைமை வேறு. வில்ட் கைக்குப் பந்து போகாமலிருக்க நிக்ஸ் மற்றவர்களை ஃபவுல் செய்தார்கள். பந்தைச் சீக்கிரம் திரும்பப் பெற வாரியர்ஸும் பதிலுக்கு ஃபவுல் செய்தார்கள். 169-147 என்ற அந்த ஸ்கோருக்குப் பின்னால் இந்த விளையாட்டும் இருக்கிறது.

ஆனால் அந்த 28 ஃப்ரீ த்ரோக்கள்! வாழ்நாள் சராசரி 51.1 சதவீதமாக இருந்த ஒருவர் ஒரே ஓர் இரவில் 87.5 சதவீதம் வீசியிருக்கிறார். அவர் வழக்கம்போல வீசியிருந்தால் நூறு வந்திருக்காது, தொண்ணூறைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். எல்லாரும் 36 கூடைகளைப் பற்றிப் பேசுகிறார்கள், அந்த இரவின் அதிசயம் ஃபவுல் கோட்டில்தான் நடந்தது.

அந்த ஆட்டத்துக்குப் படச்சுருள் கிடையாது. கடைசி குவார்ட்டரின் வானொலி ஒலிப்பதிவு உண்டு, அரங்கில் இருந்த 4,124 பேரின் நினைவு உண்டு, மற்றதெல்லாம் தாளில் எழுதிய கணக்கு. குவார்ட்டர்வாரியாக 23, 18, 28, 31 என்று நூறு சேர்ந்ததை நாம் அறிவது அந்தக் கணக்கால். வாரியர்ஸின் விளம்பர அலுவலராகவும் புள்ளிவிவரக்காரராகவும் இருந்த ஹார்வி பொல்லாக் அன்றிரவு செய்தி நிறுவனங்களுக்கும் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார். வில்ட் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் '100' என்ற தாள் உலகப் புகழ்பெற்ற படம். அந்த எண்ணை எழுதிக் கொடுத்தவரும் பொல்லாக்தான். லீகின் முதல் சீசனான 1946-47 தொடங்கி 2015-இல் காலமாகும்வரை அவர் இந்த வேலையிலேயே இருந்தார். எண்ணுகிறவர்களைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்து, கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே, யாருடைய விரல் கடைசியாகப் பந்தில் பட்டது என்று கண் சிமிட்டாமல் பார்த்துக் குறித்தவர்களின் உழைப்பில்தான் நம்முடைய எல்லா விவாதங்களும் நிற்கின்றன.

அவர்களும் தீர்ப்புச் சொல்கிறவர்கள்தான். புள்ளியில் தீர்ப்புக்கு இடமில்லை, பந்து உள்ளே போனது அல்லது போகவில்லை. அசிஸ்ட் அப்படியல்ல. பாஸ் நேரடியாகக் கூடைக்கு வழிவகுத்ததா, வாங்கியவர் உடனே கூடையை நோக்கிப் போனாரா, இடையில் எத்தனை முறை பந்தைத் தட்டினார் என்பதையெல்லாம் ஒரு மனிதர் ஒரு நொடியில் முடிவுசெய்ய வேண்டும். 1990 மார்ச் 3 அன்று கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக ஹக்கீம் ஒலாஜுவான் 29 புள்ளி, 18 ரீபவுண்ட், 11 பிளாக், 9 அசிஸ்ட் என்று முடித்தார். நான்கு கட்டங்களில் பத்தைத் தொடும் குவாட்ரபிள் டபுளுக்கு ஓர் அசிஸ்ட் குறைவு. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் நிர்வாகம் வீடியோவைப் போட்டுப் பார்த்து விடுபட்ட ஓர் அசிஸ்டைக் கண்டெடுத்து பத்தாக்கியது. லீக் அதை ஏற்கவில்லை, ஒன்பதாகவே நிறுத்திவிட்டது. அதே மாதம் 29-ஆம் தேதி மில்வாக்கிக்கு எதிராக ஒலாஜுவான் 18 புள்ளி, 16 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 11 பிளாக் எடுத்து, யாரும் கேள்வி கேட்க முடியாதபடி அதை முடித்தார். என்பிஏ வரலாற்றில் மொத்தம் நான்கே பேர் எட்டிய இடம் அது: நேட் தர்மண்ட், ஆல்வின் ராபர்ட்சன், ஒலாஜுவான், டேவிட் ராபின்சன்.

எண்ணுக்காக ஆட்டத்தையே வளைக்கும் ஆசையும் உண்டு. 2003 மார்ச்சில் யூட்டா ஜாஸுக்கு எதிரான ஆட்டம் முடியப்போகும் தறுவாயில், ட்ரிபிள் டபுளுக்கு ஒரே ஒரு ரீபவுண்ட் குறைந்திருந்த கவாலியர்ஸ் வீரர் ரிக்கி டேவிஸ், தன் பக்கக் கூடையிலேயே வேண்டுமென்று தவறவிட்டுப் பந்தைப் பிடித்தார். சொந்தக் கூடையை நோக்கி எறிவது ஷாட்டே ஆகாது, ஆகவே அதிலிருந்து ரீபவுண்டும் வராது என்பது விதி. கணக்கில் ஒன்பதாகவே நின்றது. அவருடைய அணியே அவருக்கு அபராதம் போட்டது. ட்ரிபிள் டபுள் என்ற சொல்லின்மேல் நாம் வைத்திருக்கும் மோகம்தான் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று நினைக்கிறேன். ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே ஆட்டத்தில் எந்த மலையும் இல்லை.

எண்ணாமல் விட்டவற்றின் சோகம் இதைவிடப் பெரியது. ரீபவுண்ட் எண்ணத் தொடங்கியது 1950-51-இல். ஸ்டீலும் பிளாக்கும் அதிகாரப்பூர்வமாக அட்டவணைக்குள் வந்தது 1973-74-இல். ஆட்டக்காரர்வாரியான டர்ன் ஓவர் (பந்தைத் தொலைத்தல்) 1977-78-இல். பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரசல் 13 சீசனில் 11 கோப்பை வென்றவர், எதிரியின் ஷாட்டைத் தடுப்பதையே ஒரு கலையாக ஆக்கியவர். தடுத்த பந்தைக் கூட்டத்துக்குள் அடிக்காமல் தன் அணிக்காரர் கைக்கே தட்டிவிடுவார். அவர் 21,620 ரீபவுண்ட் எடுத்தார் என்று நமக்குத் தெரியும். எத்தனை பிளாக் என்ற கட்டம் காலி. அவர் ஓய்வு பெற்றது 1969-இல். வில்ட்டின் கதை இன்னும் கொடுமை. அவருடைய கடைசி சீசன் 1972-73. எண்ணத் தொடங்கியது அதற்கு அடுத்த சீசன். அந்த சீசன் தொடங்கிய அக்டோபர் மாதத்திலேயே, 28-ஆம் தேதி, எல்மோர் ஸ்மித் ஒரே ஆட்டத்தில் 17 பிளாக் எடுத்தார். இன்றுவரை அதுதான் சாதனை. ஸ்மித் யாரென்றால், லேக்கர்ஸ் அணியில் வில்ட் காலி செய்த இடத்துக்கு வந்தவர். சில மாதம் முன்பு அதே இடத்தில் நின்றவரின் பெயரில் ஒரு பிளாக்கூட இல்லை.

ஆகவே ஒரு பழைய ஆட்டக்காரரையும் இன்றைய ஆட்டக்காரரையும் எண்களை வைத்து ஒப்பிடும்போது, நாம் ஒப்பிடுவது பாதி அவர்களை, பாதி அந்தந்தக் காலத்து அட்டவணைகளை. ஓர் ஆட்டக்காரரை ஒற்றை எண்ணுக்குள் அடைத்து வரிசைப்படுத்தும் முறைகள் எனக்கு உவப்பில்லாமல் போனதும் இதனால்தான். கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் முன்வைத்த நான்கு அளவைகள் — ஷாட் தரம், டர்ன் ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ — எனக்குப் பிடித்தமானவை. ஏனென்றால் அவை அணி எங்கே ஜெயித்தது என்று காட்டுகின்றன, யார் பெரியவர் என்று தீர்ப்பளிக்க முயல்வதில்லை.

இன்றைய அட்டவணையில் பிளஸ்-மைனஸ் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் கோர்ட்டில் நின்ற நிமிடங்களில் அவருடைய அணி எதிரணியைவிட எத்தனை புள்ளி கூடுதலாகவோ குறைவாகவோ எடுத்தது என்பது அது. ஒரே ஓர் ஆட்டத்தில் அதை நம்பிவிடக் கூடாது. உடன் நின்ற நால்வரின் புண்ணியமும் பாவமும் அதில் கலந்திருக்கும். இருந்தாலும் 2016-இன் அந்த ஏழாவது ஆட்டத்தில் கெவின் லவ்வின் வரியில் இருக்கும் எண்ணை என்னால் கடந்து போக முடிவதில்லை. அவர் எடுத்த புள்ளி 9, ஷாட் 9-க்கு 3, ரீபவுண்ட் 14. பிளஸ்-மைனஸ் கட்டத்தில் +19. அணி ஜெயித்ததோ 4 புள்ளியில். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தில் கவாலியர்ஸ் 15 புள்ளி இழந்திருக்கிறார்கள்.

கடைசி நிமிடத்தில், இர்விங்கின் ஷாட்டுக்குப் பிறகு, ஆட்டக்காரர்கள் ஆள் மாற்றிக்கொண்டதில் கரியின் எதிரில் வந்து நின்றவர் அந்த லவ். உயரமான, கால் வேகம் குறைந்த, காவலில் பலவீனமானவர் என்று எல்லாரும் சொல்லிவந்த ஆள். கரி இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார், பின்வாங்கி மறுபடி வந்தார். லவ் விலகவில்லை. கரி வீசிய மூன்று புள்ளி ஷாட் விழவில்லை. பாக்ஸ் ஸ்கோரில் அது கரி எடுத்த 14 மூன்று புள்ளி ஷாட்களில் தவறிய ஒன்று. லவ்வின் வரியில் அந்தப் பத்து விநாடிக்கு எதுவும் கிடையாது.

2016 பிளேஆஃபிலிருந்துதான் லீக் இன்னொரு வகைக் கணக்கையும் எடுக்கத் தொடங்கியிருந்தது. கை தூக்கி இடைஞ்சல் செய்த ஷாட்கள், விரல் பட்டுத் திசை மாறிய பாஸ்கள், தரையில் உருண்டதைப் பாய்ந்து எடுத்த பந்துகள், மோதலை நெஞ்சில் வாங்கி வென்ற ஃபவுல்கள், இன்னொருவர் கூடை போடுவதற்காக எதிரியின் வழியை மறித்து நின்று கொடுத்த ஸ்கிரீன்கள். இவை இன்றும் தனியே ஒரு பக்கத்தில் கிடக்கின்றன. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் பார்க்கும் முதன்மை அட்டவணைக்குள் வரவில்லை. ஸ்டீலுக்கும் பிளாக்குக்கும் 1973-இல் கட்டம் போட்டுக் கொடுத்ததைப் போல இவற்றில் இரண்டுக்காவது இடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. என்னைக் கேட்டால் முதலில் இடைஞ்சல் செய்த ஷாட், அடுத்தது ஸ்கிரீன். ரீபவுண்டுக்குப் பக்கத்திலேயே போடலாம்.